எலிசா ஃபேயின் கடிதங்கள்: ஹைதர் அலி காலத்துக்கு ஓர் ஆங்கிலப் பெண்ணின் சாட்சி

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிறது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர். எண்ணிக்கையில் சிறிய அந்தச் சமூகம் தன் நூல்களை ஓலைச்சுவடிகளாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறது. பக்கத்தில் செஞ்சிக் கோட்டைக்குள் சஆதத்துல்லா கான் பள்ளிவாசல் நிற்கிறது. அது 1717-18இல் கட்டப்பட்டது என்பதை அங்குள்ள பார்சிக் கல்வெட்டு சொல்கிறது. ஓலையிலும் கல்லிலும் எழுதி வைக்கப்பட்டது இன்றும் நம்மிடம் பேசுகிறது.

1750இல் பிரெஞ்சுக்காரர்களிடமும், 1761இல் ஆங்கிலேயரிடமும், 1780இல் ஹைதர் அலியின் படையிடமும் செஞ்சிக் கோட்டை கைமாறியது. யார் பிடித்தார்கள், யார் இழந்தார்கள் என்பதைத் தளபதிகளின் அறிக்கைகள் சொல்லும். ஆனால் அந்த நாள்களில் இந்த ஊர்களின் வீடுகளுக்குள் இருந்த ஒரு பெண் எதைக் கண்டு அஞ்சினாள், எதை ஒளித்து வைத்தாள், யாரிடம் உதவி கேட்டாள்? அவள் தன் கைப்பட எழுதிய வரிகளை நம் கைக்கு எட்டும் நூல்களில் காண்பது அரிது.

அதே காலத்தில், அதே ஹைதர் அலியின் ஆட்சிக்கு உட்பட்ட கோழிக்கோட்டில் சிறைப்பட்டிருந்த ஓர் ஆங்கிலப் பெண் எழுதினார். அவர் எழுதிய கடிதங்கள் புத்தகமாகி இரு நூற்றாண்டுகளைக் கடந்தும் அச்சில் இருக்கின்றன. அவர் பெயர் எலிசா ஃபே. அந்தக் கடிதங்களில் நம்மவர்களைப் பற்றி அவர் எழுதியவை எல்லாம் நமக்கு இனிக்காது. ஆனாலும் அவற்றை நாம் அறிந்திருக்க வேண்டும். ஏன், எப்படி என்று பார்ப்போம்.

யார் இந்த எலிசா ஃபே?

எலிசா பெரிய இடத்துப் பெண் அல்லர். கவர்னரின் மனைவியும் அல்லர். அவருடைய கணவர் அந்தோணி ஃபே ஒரு வழக்கறிஞர். கல்கத்தாவில் 1774இல் தொடங்கப்பட்ட உச்ச நீதிமன்றத்தில் தொழில் செய்து பொருள் சேர்க்கலாம் என்ற நம்பிக்கையில் 1779 ஏப்ரலில் இருவரும் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினார்கள். அப்போது எலிசாவுக்கு வயது இருபதுகளின் முற்பகுதி.

ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் கப்பல் வழியை அவர்கள் எடுக்கவில்லை. பிரான்ஸ் வழியாக ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்கும், அங்கிருந்து கடல் வழியே எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கும் வந்தார்கள். கெய்ரோவுக்குள் நுழைய எலிசா எகிப்தியப் பெண்களின் உடையும் முகத்திரையும் அணிய வேண்டியிருந்தது. பிறகு பாலைவனத்தைக் கடந்து சூயஸ், அங்கிருந்து கப்பலில் மோக்கா, அதன்பின் மலபார்க் கரை. வழி நெடுகத் தன் சகோதரிக்கும் வீட்டாருக்கும் அவர் கடிதம் எழுதிக்கொண்டே வந்தார்.

இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் போய்ச் சேர ஐந்தாறு மாதங்கள் ஆன காலம் அது. பதில் வரும்போது கேட்ட கேள்வியே மறந்து போயிருக்கும். எனவே அன்றைய கடிதம் சுருக்கமான சேதி அல்ல. எழுதுபவர் கண்டது, கேட்டது, உண்டது, பயந்தது, கோபப்பட்டது எல்லாவற்றையும் அதில் கொட்டினார். எலிசாவின் கடிதங்கள் இன்றும் சுவை குன்றாமல் இருப்பதற்கு இதுவே காரணம். யாரையும் விட்டுவைக்காத நாக்கு அவருக்கு. உடன் பயணம் செய்த ஆங்கிலேயர்களைத்தான் அவர் மிக அதிகமாகக் கிண்டல் செய்திருக்கிறார்.

கோழிக்கோட்டில் பதினைந்து வாரங்கள்

1779 நவம்பரில் அவர்களுடைய கப்பல் கோழிக்கோட்டை அடைந்தது. அன்று கோழிக்கோடு ஹைதர் அலியின் ஆளுகையில் இருந்தது. அங்கே ஆளுநராக இருந்தவர் ஹைதரின் மைத்துனர் சர்தார் கான். சில நாள்களிலேயே சிப்பாய்கள் கப்பலில் ஏறினார்கள். பயணிகள் கரைக்குக் கொண்டுவரப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார்கள். உடைமைகள் பறிபோயின.

சோதனைக்கு வருவார்கள் என்று தெரிந்ததும் எலிசா ஒரு காரியம் செய்தார். தம்மிடம் இருந்த கடிகாரங்களைத் தன் கூந்தலுக்குள் மறைத்துக்கொண்டார். டிக் டிக் ஓசை காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே ஊசி செருகி அவற்றை நிறுத்தியும் வைத்தார். எந்தப் படைத் தளபதியின் அறிக்கையிலும் இப்படி ஒரு வரி வராது. ஒரு பெண் தன் சகோதரிக்கு எழுதும் கடிதத்தில்தான் வரும்.

கைதிகளில் ஆண்களை ஹைதரின் படையில் சேரும்படி நெருக்கினார்கள். அவர்கள் மறுத்தார்கள். ஏறக்குறைய பதினைந்து வாரங்கள் கழித்து, 1780 பிப்ரவரியில், எலிசாவும் கணவரும் கோழிக்கோட்டை விட்டு வெளியேறிக் கொச்சிக்குப் போய்ச் சேர முடிந்தது. அதற்கு வழி செய்தவர் ஐசக் என்ற யூத வணிகர். இனம், மொழி, நாடு எதிலும் சம்பந்தமில்லாத அந்த மனிதரை எலிசா மிகுந்த நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார்.

இந்தச் சிறைக் கதையில் அவர் மிகக் கடுமையாக வெறுத்து எழுதிய ஆள் யார் தெரியுமா? சர்தார் கான் அல்ல, ஹைதரும் அல்ல. ஐயர்ஸ் என்ற ஆங்கிலேயர். லண்டனில் திருட்டிலும் வழிப்பறியிலும் பெயரெடுத்து, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கம்பெனிப் படையிலிருந்து ஓடி ஹைதரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். தன் நாட்டுக்காரர்களான கைதிகளை மிரட்டுவதில் முன்னால் நின்றவர் அவரே என்கிறார் எலிசா. எலிசாவின் கதையை முஸ்லிம் கொடியவன், ஆங்கில அப்பாவி என்று இரண்டே வரியில் சுருக்க நினைப்பவர்களுக்கு அவருடைய கடிதமே தடையாக நிற்கிறது. கெடுதல் செய்தவர்களில் ஆங்கிலேயர் உண்டு; கைகொடுத்தவர் யூதர்.

கடிதத்தில் இருப்பதும் இல்லாததும்

ஒரு கைதி எழுதும் கடிதத்தில் அவர் பட்ட துயரம்தான் முன்னால் நிற்கும். அது இயல்பு. ஆனால் அந்தத் துயரம் எங்கிருந்து வந்தது என்பதை அறியக் கடிதத்துக்கு வெளியேயும் பார்க்க வேண்டும்.

1769இல் ஹைதர் அலி சென்னையின் வாசல் வரை வந்து ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்தார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சம். அடுத்த ஆண்டே மராத்தியர்கள் மைசூர் மீது படையெடுத்தபோது ஆங்கிலேயர் உதவிக்கு வரவில்லை. 1779 மார்ச்சில், தன் பாதுகாப்பில் உள்ளது என்று ஹைதர் கருதிய மாஹே துறைமுகத்தை ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார்கள். எலிசாவின் கப்பல் கோழிக்கோட்டை அடைந்தது அதற்கு எட்டு மாதங்களுக்குப் பின். அந்தக் கரையில் ஆங்கிலேயர் என்றாலே சந்தேகப்படும் நேரத்தில் போய் மாட்டிக்கொண்டார்கள்.

இதைச் சொல்வதால் நடந்தது நியாயமாகிவிடாது. படையில் இல்லாத பயணிகளை, அவர்களில் ஒரு பெண்ணையும் சேர்த்து, பதினைந்து வாரங்கள் அடைத்து வைத்ததும் அவர்களுடைய பொருள்களைப் பறித்ததும் அநீதி. நம்மவரின் பெயரைத் தாங்கியவர்கள் செய்தாலும் அநீதி அநீதிதான். ஹைதரையும் திப்புவையும் நேசிக்கும் நாம் இதை ஒப்புக்கொள்வதால் எதையும் இழந்துவிடப் போவதில்லை. அவர்களைப் பற்றிய புகழுரைகளை மட்டுமே படித்து வளரும் பிள்ளை, ஒருநாள் இப்படி ஒரு கடிதத்தை வேறு எங்காவது படிக்கும்போது நாம் சொன்ன எல்லாவற்றையும் சேர்த்தே சந்தேகிக்கும். நாமே சொல்லிக் கொடுத்துவிடுவது மேல்.

எலிசா வெளியேறி ஐந்தே மாதங்களில், 1780 ஜூலையில், ஹைதரின் பெரும்படை கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலப் படை படுதோல்வி அடைந்தது. அதே ஆண்டில் செஞ்சியும் ஹைதர் வசமானது. சென்னைக்கு உணவு போகக் கூடாது என்பதற்காகச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எரிக்கப்பட்டன. அந்த வெற்றியைப் பாடமாகப் படிக்கிறோம். ஊரை விட்டு ஓடிய குடும்பங்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

சென்னையும் கல்கத்தாவும்

கொச்சியிலிருந்து எலிசா தம்பதியர் 1780 ஏப்ரலில் சென்னைக்கு வந்தார்கள். அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகுகளில்தான் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிப் பளிங்கு போல மின்னிய சென்னைக் கட்டடங்களைக் கண்டு எலிசா வியந்தார். அடைபட்டிருந்த அறையை விட்டு வந்தவருக்கு அந்த வெண்மை இன்னும் கூடுதலாகவே ஒளிர்ந்திருக்கும்.

மே மாதம் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து எழுதிய கடிதங்களில் வீட்டுக் கணக்குதான் அதிகம். வெயில் கொளுத்தும் நண்பகல் இரண்டு மணிக்கு எத்தனை வகைக் கறி மேசைக்கு வரும், கோழி என்ன விலை, ஒரு சிறு கிண்ணம் கஸ்டர்டு செய்ததற்குச் சமையலாள் எவ்வளவு பாலும் எத்தனை முட்டையும் கணக்கு எழுதினார் என்று எல்லாம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் அன்றாட வாழ்வை ஆராய்பவர்கள் இன்றும் இந்தப் பக்கங்களைத் தேடிப் படிக்கிறார்கள்.

கணவரோ ஊரோடு ஒத்துப்போகவில்லை. அதிகாரத்தில் இருந்தவர்களைப் பகைத்துக்கொண்டார்; கடனாளியானார்; வேறொரு பெண்ணிடம் அவருக்குக் குழந்தையும் பிறந்தது. 1781இல் எலிசா அவரை விட்டுப் பிரிந்தார். இந்தப் பின்னணியில் ஒரு கடிதம் நம் கவனத்தை ஈர்க்கிறது. உடன்கட்டை ஏறும் வழக்கத்தைப் பற்றி எழுதும்போது, அதை அன்பின் அடையாளமாக அவர் ஏற்கவில்லை. தகுதியில்லாத கணவனோடு வாய் திறக்காமல் காலம் தள்ளும் இங்கிலாந்துப் பெண்ணின் தியாகம் அதைவிடப் பெரிதில்லையா என்ற கருத்தில் எழுதுகிறார். ஊர் வழக்கத்தைப் பற்றி எழுதுவதாகத் தொடங்கித் தன் சொந்தக் காயத்தைத் தொட்டுவிடுகிறார்.

கடிதமே கடைசிச் சொத்தானது

1782இல் இங்கிலாந்து திரும்பிய எலிசா, இரண்டு ஆண்டுகளில் மறுபடி கல்கத்தாவுக்கு வந்தார். இம்முறை யாருடைய மனைவியாகவும் அல்ல, ஒரு வியாபாரியாக. சீமாட்டிகளுக்கான தொப்பிகளும் உடை அலங்காரப் பொருள்களும் விற்கும் கடையை நடத்தினார். 1788இல் அது நொடித்துப் போனது. பிறகு கப்பல் வணிகத்திலும் இறங்கிப் பார்த்தார். அதிலும் நிலைக்கவில்லை. தோற்பதும் மறுபடி முயல்வதுமாகவே வாழ்க்கை போனது.

இறுதிக் காலத்தில் அவர் கையில் மிஞ்சியவை அந்தப் பழைய கடிதங்கள்தாம். அவற்றைத் திரட்டி, பிந்திய பயணங்களைப் பற்றி ஒரு தோழிக்கு எழுதியவற்றையும் சேர்த்து, அச்சுக்குத் தயார் செய்தார். புத்தகம் வெளிவருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1816 செப்டம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அடுத்த ஆண்டு, 1817இல், அவருடைய கடன்காரர்களுக்குக் கொடுக்க ஏதாவது தேறுமா என்ற எண்ணத்தில் அந்தப் புத்தகம் கல்கத்தாவிலேயே வெளியிடப்பட்டது. சகோதரிக்கு எழுதிய சொந்தக் கடிதங்கள் இப்படித்தான் விற்பனைச் சரக்காயின.

நூறு ஆண்டுகளுக்குப் பின் அதை மறுபடி உலகுக்குக் காட்டியவர் எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டர். இந்தியாவைக் களமாகக் கொண்ட 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலை 1924இல் வெளியிட்டவர். அந்த நாவலை அவர் காணிக்கையாக்கியது சர் சையத் அகமது கானின் பேரரும் தன் உயிர் நண்பருமான சையத் ராஸ் மசூதுக்கு. 1925இல் எலிசாவின் கடிதங்களைத் தன் குறிப்புகளோடு அவர் பதிப்பித்தார். வெளியிட்டது வர்ஜினியா வுல்ஃபும் அவருடைய கணவரும் நடத்திய ஹோகார்த் அச்சகம்.

சாட்சியை எடை போடுவது எப்படி?

எலிசாவைப் போலக் கீழை நாடுகளிலிருந்து எழுதிய பிரிட்டிஷ் பெண்கள் வேறு சிலரும் உண்டு. துருக்கித் தூதரின் மனைவியாக 1717இல் இஸ்தான்புல் சென்ற மேரி வொர்ட்லி மாண்டேகு, உஸ்மானியப் பெண்களின் குளியலறைகளுக்கும் அந்தப்புரங்களுக்கும் நேரில் போனார். தனக்கு முன் வந்த ஆண் பயணிகள், தாங்கள் நுழையவே முடியாத இடங்களைப் பற்றிக் கற்பனையாக எழுதியிருக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டினார். அம்மைப்பால் குத்தும் துருக்கி வழக்கத்தைக் கடிதத்தில் விவரித்ததோடு நிற்காமல், 1718இல் அங்கேயே தன் மகனுக்கும் 1721இல் லண்டனில் தன் மகளுக்கும் குத்தச் செய்தார். ஜென்னரின் தடுப்பூசிக்கு எழுபது ஆண்டுகளுக்கும் முந்திய செய்தி இது.

1836 முதல் 1839 வரை சென்னையிலும் ராஜமுந்திரியிலும் வாழ்ந்த ஜூலியா மெய்ட்லண்டின் கடிதங்கள் 1843இல் பெயர் குறிப்பிடாமல் அச்சாயின. இந்த நாட்டு மக்களைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள விரும்பாமல் சென்னையில் வாழ்ந்த தன் இனத்துப் பெண்களை அவர் கேலி செய்தார். ராஜமுந்திரியில் கணவரோடு சேர்ந்து பள்ளிக்கூடம் நடத்தினார்.

இந்த மூவரும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவர்கள் அல்லர். மேரிக்குக் கதவுகள் திறந்தன, எலிசாவுக்கு அடைக்கப்பட்டன. அவரவர் நின்ற இடத்தைப் பொறுத்தே அவரவர் பார்வை. எனவே இத்தகைய கடிதங்களைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலாவது, எழுதியவர் இதைக் கண்ணால் கண்டாரா, காதால் கேட்டாரா? எலிசா தன் காவல் அறையைப் பற்றிச் சொல்வது கண்டது. ஹைதர் அலியை அவர் நேரில் பார்த்ததே இல்லை. அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் கேட்டது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையைப் பார்க்கப் பழகிய சமூகத்துக்கு இது புதிய பாடமும் அல்ல.

இரண்டாவது, எப்போது எழுதப்பட்டது, எப்போது அச்சானது? சம்பவம் 1779இல், புத்தகம் 1817இல். இடையில் திப்பு சுல்தான் 1799இல் ஷஹீதாகி, மைசூர் அரசு வீழ்ந்து, அந்தப் பெயர்களைப் பற்றிய ஆங்கிலேயரின் கருத்தும் இறுகிப் போயிருந்தது. அச்சுக்காகத் தன் கடிதத்தைத் திருப்பிப் பார்ப்பவர் அந்தக் காற்றையும் சுவாசித்திருப்பார்.

மூன்றாவது, யாருக்காக எழுதப்பட்டது? கவலைப்படும் சகோதரிக்கு எழுதும்போது சிலவற்றைக் குறைப்போம். காசு கொடுத்து வாங்கும் வாசகருக்கு என்றால் சிலவற்றைக் கூட்டுவோம்.

இந்த மூன்றையும் கேட்ட பிறகும் எலிசாவின் கடிதத்தில் நிறைய மிஞ்சும். கூந்தலுக்குள் நின்றுபோன கடிகாரம் மிஞ்சும். ஐசக்கின் உதவி மிஞ்சும். அவற்றைத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை.

நம் வீட்டுப் பெட்டிகளில் இருப்பவை

கோழிக்கோட்டில் எலிசாவைக் காவல் காத்த சிப்பாயின் மனைவி என்ன நினைத்தாள்? செஞ்சியில் படை இறங்கிய அன்று கோட்டைக்குக் கீழே குடியிருந்த உம்மா ஒருத்தி தன் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போனாள்? பதில் சொல்ல ஒரு கடிதம் கூட நம்மிடம் இல்லாததால், எலிசா சொன்னதே முழு வரலாறாகி நிற்கிறது. எழுதியவர்மீது கோபப்பட்டு என்ன பயன்? எழுதி வைத்ததும் காத்து வைத்ததும்தான் நிலைக்கின்றன.

நம் குடும்பங்களில் எழுதாமலும் இல்லை. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று சஃபர் போனவர்களுக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை கடிதங்கள் போய் வந்திருக்கும்! தமிழ் எழுத்துத் தெரியாவிட்டாலும் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டு அரபுத்தமிழில் எழுதிய பாட்டிமார்கள் நமக்கு இருந்தார்கள். பிறகு வளைகுடாவிலிருந்து நீல நிற ஏர்மெயில் உறைகள் வந்தன. உண்டியல் பணம் வந்த விவரம், கடைக் கணக்கு, பிள்ளைக்குப் பெயர் வைத்த சேதி, மௌத்துச் செய்தி எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. வீடு மாறும்போதும் இடிக்கும்போதும் அவை பழைய பேப்பர்க்காரரிடம் போய்விடுகின்றன.

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கடிதத்தையும் உறையையும் பிரிக்காமல் சேர்த்து வையுங்கள். தபால் முத்திரையில்தான் தேதியும் ஊரும் இருக்கும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். இரண்டும் நாளடைவில் காகிதத்தைக் கெடுத்துவிடும். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் செல்பேசியில் தெளிவாகப் படம் எடுத்து, யார் யாருக்கு எழுதியது என்று ஒரு வரி குறித்து வையுங்கள். அரபுத்தமிழ்க் கடிதமானால், அதை வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். குடும்ப ரகசியம் உள்ள கடிதத்தை வெளியே காட்ட வேண்டிய அவசியமில்லை. காப்பது வேறு, வெளியிடுவது வேறு. வெளியிட விரும்பினால் எழுதியவரின் வாரிசுகளிடம் சம்மதம் கேட்பதே முறை. பழைய அச்சு நூல்களும் இதழ்களும் வீட்டில் இருந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஆலோசனை கேட்கலாம்.

மேல்சித்தாமூரில் ஒரு சிறு சமூகம் தன் ஓலைகளைக் காத்தது. கடனாளியாக இறந்த ஒரு பெண்ணின் கடிதங்கள் ஹைதர் அலியின் கோழிக்கோட்டைப் பற்றி இன்றும் பேசுகின்றன. நம் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பெட்டியை இந்த வாரம் ஒருமுறை இறக்கிப் பார்ப்போம். நம் உம்மாவின் கையெழுத்து அதில் இருக்கக்கூடும்.